மண்டபத்துப் பலகை விளிம்பு தூக்குகிறது: இழைக்கலாமா?

கேள்வி: பொகவந்தலாவை வாசகர், 2024 ஜூன் 11

எங்கள் பாடசாலை மண்டபத்தில் பெட்மின்டனுக்கும் கூடைப்பந்துக்கும் சேர்த்துப் பலகைத் தளம் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. மேப்பிள் பலகை. மே கடைசியில் மழை பிடித்ததிலிருந்து மேட்டுப்பக்கச் சுவர் ஓரத்தில் ஒவ்வொரு பலகையும் இரண்டு விளிம்பும் எழும்பி நடுவில் பள்ளமாக நிற்கிறது. வெறுங்காலால் தடவினாலே தெரிகிறது. மெஷின் போட்டு இழைத்து மேலே வார்னிஷ் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் தச்சர். ஓகஸ்டில் போட்டி வருகிறது. இழைக்கலாமா?

ஜூன் 11, இரவு

இழைக்கக் கூடாது. தச்சரை நாளைக் காலையே நிறுத்துங்கள், தம்பி.

விளிம்பு தூக்கி நடு குழிந்தால் பலகையின் அடிப்பக்கம் மேல்பக்கத்தைவிட ஈரமாக இருக்கிறது என்று பொருள். அடி ஊதுகிறது, மேல் ஊதவில்லை, பலகை வளைகிறது. இப்போது விளிம்பைச் சீவித் தட்டையாக்கினால் ஜனவரி, பெப்ரவரி வெயிலில் அடி உலர்ந்து பலகை தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். அப்போது விளிம்பு தாழ்ந்து நடு புடைத்து நிற்கும். அதைச் சரிசெய்ய இன்னொரு முறை இழைக்க வேண்டும். பலகையின் மேற்பரப்பிலிருந்து, பக்கத்துப் பலகையின் பள்ளத்துக்குள் கோக்கும் நாக்கு வரை இருக்கும் ஏழெட்டு மில்லிமீட்டர்தான் தளத்தின் ஆயுள். ஒவ்வொரு இழைப்பும் அதில் முக்கால் மில்லிமீட்டரையாவது தின்னும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

ஜூன் 12

நேற்று அவசரமாக எழுதியதன் தொடர்ச்சி. மேட்டுப்பக்கச் சுவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதில் இருக்கிறது. மலையகத்தில் மண்டபம் கட்ட வேண்டும் என்றால் சரிவை வெட்டித்தான் தட்டையான இடம் எடுக்கிறோம். ஒரு சுவர் மண்ணில் முதுகு சாய்த்து நிற்கும். மழைக்காலத்தில் அந்த மண் முழுக்கத் தண்ணீர். வெளியே வடிகான் அடைபட்டிருந்தால் தண்ணீருக்குப் போகிற வழி சுவரும் கொங்கிரீட்டும்தான்.

பார்க்க வேண்டியவை: சுவருக்குப் பின்னால் வடிகானில் இலையும் மண்ணும் நிரம்பியிருக்கிறதா, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, பலகைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டிருக்கிறார்களா, அல்லது யாராவது அழகுக்காக அடைத்துவிட்டார்களா, கொங்கிரீட்டின் மேல் பொலித்தீன் விரித்த பிறகுதான் குறுக்குக் கட்டைகளை வைத்தார்களா. கடைசிக் கேள்விக்குத் தளம் போட்டவரைத்தான் கேட்க வேண்டும். அவர் தயங்கினால் ஓரத்து மரப்பட்டியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொன்று தகரக் கூரை. இரவுக் குளிரில் அது வியர்க்கும். ஹட்டன் பக்கம் நான் பயிற்சி கொடுக்கும் மண்டபத்தில் நடுக் கோட்டுக்கு அருகே தினமும் காலையில் சொட்டுச் சொட்டாக ஈரம் இருந்தது. பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலைச் சிந்துகிறார்கள் என்று எல்லோரும் சொன்னோம். மண்டபம் கூட்டும் அக்கா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. சொட்டுகள் ஒரே நேர்கோட்டில் இருப்பதையும், அந்தக் கோடு மேலே கூரைச் சட்டத்துக்குக் கீழே ஓடுவதையும் அவர்தான் காட்டினார். விடியற்காலையில் தளத்தை முதலில் பார்ப்பவர் அவர். உங்கள் மண்டபத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். இன்றைக்கே அவரைக் கேளுங்கள்.

ஜூன் 14

ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் கொடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். மூடுங்கள். பனிமூட்டம் உள்ளே வருகிறது.

ஜூன் 16

அந்த ஒரு வரி பலருக்குக் கோபத்தைக் கிளப்பியிருக்கிறது. ஜன்னலை மூடினால் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும் என்கிறார்கள். நியாயமான பயம். கணக்கோடு சொல்கிறேன்.

மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். வெட்டி நூறு வருடம் ஆனாலும் இது நிற்காது. 20 பாகையில் காற்றின் சாரீரப்பதன் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற கணக்கு) 50 சதவீதமாக நிலைத்தால் மரத்தின் ஈரம் சுமார் 9 சதவீதத்தில் வந்து நிற்கும். 65 சதவீதமானால் சுமார் 12. 80 ஆனால் சுமார் 16. மேப்பிள் தளம் போடுகிறவர்கள் மண்டபத்தின் சாரீரப்பதனை 35 முதல் 50 வரை வைத்திருக்கச் சொல்கிறார்கள். ஜூன் மாத பொகவந்தலாவையில் அந்த எண்ணை நினைத்துப் பார்க்கவே முடியாது. அதனால் நம் இலக்கு வேறு: எண் எதுவானாலும் அது ஒரே மாதத்தில் ஏறி ஒரே மாதத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வது.

ஈரம் ஏறினால் என்ன ஆகும்? மேப்பிளில் 57 மில்லிமீட்டர் அகலப் பலகை, ஈரம் 9 சதவீதத்திலிருந்து 13 சதவீதத்துக்குப் போனால் அகலத்தில் ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் விரியும். ஒரு பலகைக்கு இது ஒன்றுமில்லை. பெட்மின்டன் ஆடுகளத்தின் அகலம் 6.1 மீட்டர். அந்த அகலத்துக்குள் நூறுக்கு மேற்பட்ட பலகைகள். எல்லாம் தடையில்லாமல் விரிந்தால் மொத்தம் எட்டு சென்ரிமீட்டரைத் தாண்டும். ஆணியும் பலகைகளுக்கு இடையே விட்ட சிறு இடுக்குகளும் அதில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். மிச்சத்துக்குத்தான் சுவரோர இடைவெளி. அதுவும் இல்லாவிட்டால் தளம் நடுவில் கூடாரம்போல் எழும்பும்.

பனிமூட்டத்துக்கு வருவோம். வெளியே 15 பாகை, சாரீரப்பதன் 100. அந்தக் காற்று உள்ளே வந்து 20 பாகைக்குச் சூடானால் சாரீரப்பதன் 73 அளவுக்கு இறங்கும். பரவாயில்லை போலத் தோன்றும். ஆனால் மழைக்காலத்தில் எந்த மண்டபம் 20 பாகைக்குச் சூடாகிறது? உள்ளேயும் 15, 16 பாகைதான். வந்த ஈரம் அப்படியே பலகைக்குப் போகிறது.

ஜூன் 17

பண்டாரவளை வாசகரின் மறுப்பு சரியானது. "ஜூன், ஜூலையில் எங்களுக்குக் கச்சான் காற்று. உங்கள் பேச்சைக் கேட்டு ஜன்னலை மூடினால் மண்டபத்தைக் காயவைக்கக் கிடைத்த நல்ல காலத்தை இழப்போம்" என்கிறார். உண்மை. நான் எழுதியது மேற்குச் சரிவுக்கு: ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, கினிகத்தேனை. தென்மேல் பருவக்காற்று எங்கள் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலையைத் தாண்டி, பண்டாரவளை இருக்கும் ஊவாவில் உலர்ந்து இறங்குகிறது. ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்த மணம் வருவதும் அந்தக் காற்றால்தான். பண்டாரவளைக்கும் பதுளைக்கும் கஷ்டகாலம் ஒக்டோபர் தொடங்கி ஜனவரி வரை.

ஆகவே மாதத்தை வைத்து ஜன்னலை முடிவுசெய்ய வேண்டாம். காற்றை வைத்து முடிவுசெய்யுங்கள். வெளிக்காற்றில் இருக்கும் ஈரம் உள்காற்றில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கும்போது மட்டும் திறக்க வேண்டும். அதை எப்படி அளப்பது என்று தலவாக்கலையிலிருந்து ஒருவர் அழகாக எழுதியிருக்கிறார். நாளை அதைப் பற்றி.

ஜூன் 20

தலவாக்கலைக்காரர் ஓய்வுபெற்ற டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்றின் குமிழ் உலர்ந்தது, மற்றதன் குமிழில் ஈரத் திரி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு சூடான காற்று விடுவது என்று முடிவெடுப்பார்கள். அவர் சொல்வது: "கொழுந்திலிருந்து ஈரம் எடுக்கத் தெரிந்த ஊரில் பலகையிலிருந்து ஈரம் எடுக்கத் தெரியாதா?"

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தக் கேள்வி பதில் நீண்டதில் எனக்கு மகிழ்ச்சி. மண்டபத்தில் அந்த ஜோடி வெப்பமானி ஒன்றை மாட்டுங்கள். உலர் குமிழ் 20 பாகை காட்டும்போது வித்தியாசம் 2 என்றால் சாரீரப்பதன் 80க்கு மேல். 4 என்றால் 65ஐ ஒட்டி. 6 என்றால் 50ஐ ஒட்டி. பொதுவாக வித்தியாசம் பெருகும்போது காற்று உலர்கிறது. ஜன்னல் விடயத்துக்கு இன்னொரு சுருக்குவழி: அதே ஜோடியை வெளியே நிழலில் பிடித்துப் பார்த்து, வெளியே பனிபடுநிலை (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) உள்ளே இருப்பதைவிடக் குறைவு என்றால் திற, இல்லையென்றால் மூடு. அட்டவணை ஒன்றை அச்சடித்துப் பக்கத்தில் ஒட்டிவிட்டால் பாடசாலைப் பிள்ளைகளே பார்த்துச் சொல்வார்கள். விஞ்ஞானப் பாடத்தில் படிப்பதுதானே.

பழைய தொழிற்சாலைகளின் மேல்மாடிப் பலகைகளை மிதித்துப் பார்த்திருக்கிறீர்களா? தலைமுறை தலைமுறையாகக் கொழுந்துக் கூடைகளையும் கால்களையும் தாங்கியவை. கந்தப்பளை ஹெதர்செட் தொழிற்சாலை விடுதியாக மாறியபோது வாட்டும் மாடிகள்தான் அறைகள் ஆயின. ஓயாமல் உலர்ந்த காற்று ஓடிய மாடிகள் அவை. பலகை கேட்பது அந்த உலர்வைத்தான். நாமோ அதை விட்டுவிட்டு வருடாவருடம் பூச்சுக்குக் காசு சேர்க்கிறோம்.

ஜூன் 21

ஈரம் இழுக்கும் இயந்திரம் வாங்கலாமா என்று நுவரெலியாவிலிருந்து கேட்கிறார்கள். வாங்கலாம், ஆனால் வகையைப் பார்த்து. குளிர்சாதனப் பெட்டிபோல் வேலை செய்யும் வகை 15 பாகைக்குக் கீழே இளைத்துவிடும், அதன் சுருளில் உறைபனி பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து வேலை செய்யும் வகைதான் உங்கள் உயரத்துக்கு ஏற்றது. மின்கட்டணத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு இறங்குங்கள். வடிகான் துப்புரவுக்கு மண்வெட்டி போதும், அதை முதலில் செய்யுங்கள்.

ஜூலை 2

பொகவந்தலாவையிலிருந்து செய்தி. வடிகான் முழுக்க மண். அதோடு, சுவரோர இடைவெளிக்குள் கரப்பான் போகிறது என்று சொல்லி ஒரு மேசன் சீமெந்து வைத்து அடைத்திருக்கிறார். மேட்டுப்பக்கம் முழு நீளத்துக்கும்!

சீமெந்தை மெதுவாக உளியால் எடுங்கள், பலகையின் விளிம்பைத் தொடாமல். இடைவெளியை மூட வேண்டும் என்றால் காற்றுப் போக வெட்டு உள்ள பட்டி போடுங்கள். அதை அடிக்கும் ஆணி சுவரில் மட்டும் ஏற வேண்டும், பலகையில் ஏறக் கூடாது. இது முடிந்த பிறகு வேறெதுவும் செய்ய வேண்டாம். காத்திருங்கள். தளம் தானாக இறங்க மாதங்கள் ஆகும். விசிறி வைத்து ஓரத்துக் காற்றை ஓட்டலாம். ஹீட்டர் வைத்து ஓரிடத்தைச் சுடவைத்தால் பலகை வெடிக்கும்.

ஜூலை 9

கூட்டித் துடைப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு. இதில் நம் வீட்டுப் பழக்கங்கள் தளத்துக்கு எதிரிகளாகி நிற்கின்றன. வருத்தத்தோடுதான் சொல்கிறேன். எல்லாம் அக்கறையால் செய்வது.

வாளித் தண்ணீரில் மண்ணெண்ணெய் கலந்து துடைப்பது. சீமெந்துத் தரையில் பூச்சி வராது, பளபளக்கும். பொலியூரித்தேன் பூசிய பலகையில் எண்ணெய்ப் படலம் தங்கும். பிள்ளைகள் வழுக்குவார்கள். அடுத்த வருடம் புதுப் பூச்சு அடிக்கும்போது அது ஒட்டாமல் தோல் தோலாக உரியும்.

மெழுகு தடவித் தேங்காய் மட்டையால் தேய்ப்பது. சிவப்புச் சீமெந்துத் தரைக்கு அதைவிட அழகு கிடையாது. விளையாட்டுத் தளத்துக்கு மேலே சொன்ன இரண்டு கேடும் இரட்டிப்பாக வரும்.

சொட்டச் சொட்ட ஈரத் துணி. வேண்டாம். தண்ணீர் இடுக்கில் இறங்கும்.

வேண்டியது அகலமான உலர் மொப், மைக்ரோஃபைபர் துணி போட்டது. விளையாட்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. தூக்காமல், ஒரே ஓட்டமாக, முன்னே தள்ளிக்கொண்டே போக வேண்டும். மொப்பை வெளியே கொண்டுபோய் உதற வேண்டும். வாரம் ஒருமுறை, தளத்துக்கென்று உள்ள திரவத்தைக் கொஞ்சம் தெளித்து, பிழிந்த மொப்பால் துடைத்தால் நிமிடத்தில் காய வேண்டும். காயவில்லை என்றால் தண்ணீர் அதிகம். தும்புத்தடி வாசலுக்கு மட்டும்.

மணல்தான் பூச்சைத் தின்கிறது. ஒவ்வொரு பருக்கையும் சப்பாத்தின் அடியில் அரம். அதனால் வாசலில் கால்மிதி பத்துப் பதினைந்து அடி நீளத்துக்கு வேண்டும். ஒரு சிறு சாக்கைப் போட்டுவிட்டுத் துடைத்தாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தோட்டத்துச் செம்மண் பாதையில் நடந்து வருகிற பிள்ளைக்கு மாற்றுச் சப்பாத்து இல்லை என்பதை நான் அறிவேன். எங்கள் மண்டபத்தில் பழைய மாணவர்கள் விட்டுச்சென்ற உள்ளகச் சப்பாத்துகளை அளவு வாரியாக ஒரு தட்டில் வைத்திருக்கிறோம். அதைக் கேட்டு வாங்கவும் பிள்ளைகள் வெட்கப்படுவார்கள். அதனால் கேட்காமலே எடுக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறோம். பெருமைக்குரிய தட்டு அது. காலுறையோடு மட்டும் விளையாட விடாதீர்கள், கால் பிசகும்.

சப்பாத்துக் கருங்கோடுகளுக்கு டென்னிஸ் பந்து. தடியின் நுனியில் செருகித் தேய்த்தால் போய்விடும். மருந்து எதுவும் வேண்டாம்.

ஜூலை 10

"தேக்குப் போட்டிருந்தால் இந்தப் பாடு எதற்கு?" தேக்கு குறைவாக விரியும், கறையானுக்கும் எளிதில் மசியாது, உண்மைதான். ஆனால் விரியாத மரம் என்று ஒன்று கிடையாது. கடினத்தை அளக்கும் ஜங்கா எண்ணில் மேப்பிள் 1450, தேக்கு 1000ஐ ஒட்டி. கூடைப்பந்துக் கம்பத்தின் சக்கரம் உருண்டால் தேக்கில் தடம் விழும். மேப்பிள் நெருக்கமான நார், சிராய் எழும்பாது. அதனால்தான் விளையாட்டுக்கு அதைத் தேர்ந்தார்கள். வீட்டுக்குத் தேக்குப் போடுங்கள்.

ஓகஸ்ட் 4

போட்டியை நடத்தலாமா என்பதுதான் இந்த வாரக் கேள்வி. ஓரத்து ஆடுகளத்தை மூடிவிட்டு மற்றவற்றில் நடத்துங்கள். விளிம்பு எழும்பிய இடத்தில் பின்னால் ஓடி ஷட்டில் எடுக்கும் பிள்ளையின் பாதம் மாட்டும். எந்தக் கோப்பையும் ஒரு கணுக்காலுக்கு ஈடாகாது.

மற்ற ஆடுகளங்களையும் ஒருமுறை சோதியுங்கள். ஒரு கூடைப்பந்தை ஒரே உயரத்திலிருந்து ஒவ்வோர் அடியாக விட்டுப் பாருங்கள். சத்தம் மாறி எழும்பாமல் படுக்கும் இடத்தில் அடியிலுள்ள கட்டையோ ரப்பரோ போயிருக்கிறது. ஐரோப்பிய நியமம் ஈஎன் 14904 இந்த விடயங்களையெல்லாம் எண்ணில் சொல்கிறது: கொங்கிரீட்டில் எழும்பும் பந்தின் உயரத்தில் 90 சதவீதமாவது தளத்தில் எழும்ப வேண்டும், அதிர்ச்சியில் 25 சதவீதமாவது தளம் உள்வாங்க வேண்டும், உராய்வு 80க்கும் 110க்கும் இடையில். உராய்வுக்கு மேல் எல்லையும் இருக்கிறது, கவனியுங்கள். வழுக்கினாலும் ஆபத்து, அதிகம் பிடித்தாலும் முழங்கால் திருகும்.

கோடு போட ஒட்டுநாடா வேண்டாம். உரிக்கும்போது பூச்சும் சேர்ந்து வரும்.

ஒக்டோபர் 13

விழாக்காலம் வருகிறது. மண்டபம் ஊருக்கு ஒன்றுதான். கலை விழாவும் பரிசளிப்பும் அங்கேதான் நடக்கும், நடக்கவும் வேண்டும். கதிரைக் கால்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள், அல்லது பழைய டென்னிஸ் பந்தைக் கீறிச் செருகுங்கள். மங்கல விளக்கை மேடையிலோ வாசலிலோ அகலத் தட்டின் மேல் வையுங்கள். திரியிலிருந்து வழியும் தேங்காயெண்ணெய் இடுக்கில் இறங்கினால் அந்த இடத்தில் எந்தப் பூச்சும் ஒட்டாது. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பை இரவு முழுவதும் போட்டு வைக்காதீர்கள். அடியில் ஈரம் சிக்கும். விழா முடிந்ததும் சுருட்டுங்கள்.

ஒக்டோபர் 15

"மண்சரிவுக்குச் சனங்களை மண்டபத்தில் வைத்தால் தளத்தை எப்படிக் காப்பாற்றுவது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். காப்பாற்ற வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லய வீடுகள் மண்ணுக்குள் போனபோது மிஞ்சியவர்கள் தங்கியது பாடசாலைகளில்தான். அப்படி ஒரு நாளில் பலகையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. அடுப்பை வெளியே வைக்கச் சொல்லலாம், அது தீக்குப் பயந்து. பாய் விரியுங்கள், கம்பளி கொடுங்கள், மூலையில் பிள்ளைகளுக்கு ஒரு பந்தையும் கொடுங்கள். தளத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2025 பெப்ரவரி 16

பொகவந்தலாவை வாசகர் படம் அனுப்பியிருக்கிறார். பலகைகள் படிந்துவிட்டன. சுவர் ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் இன்னும் லேசாகக் குழிவு. நடுவில் பலகைகளுக்கு இடையே நாணயம் நுழையும் இடுக்குகள் தெரிகின்றன, அதை அடைக்கவா என்கிறார். அடைக்க வேண்டாம். வறண்ட காலத்து இடுக்கு அது. மே மாதம் பலகை விரிய இடம் வேண்டும். நிரப்பினால் போன வருடத்துக் கதை மறுபடியும்.

முழு இழைப்பு இப்போதும் தேவையில்லை. பூச்சு மங்கியிருக்கிறது, மரம் தெரியவில்லை. அதனால் மேற்பூச்சை மட்டும் மெல்லச் சொரசொரப்பாக்கி ஒரு பூச்சு அடித்தால் போதும். இதை வருடம் ஒருமுறை செய்து வந்தால் மரத்தைத் தொடும் இழைப்பைப் பத்து வருடத்துக்குக்கூடத் தள்ளலாம். இப்போதே செய்யுங்கள், மழைக்கு முன். முதலில் கதவுப் பக்க மூலையில் ஒரு சாணளவு இடத்தில் பூசிக் காயவிட்டு நாணயத்தால் சுரண்டுங்கள். தூளாக வந்தால் பிடித்திருக்கிறது. தோலாக உரிந்தால் பழைய மண்ணெண்ணெயோ மெழுகோ இருக்கிறது, அதை நீக்காமல் தொடராதீர்கள். டப்பாவில் எழுதியுள்ள உலரும் நேரம் 20, 25 பாகைக்கானது. உங்கள் இரவுக் குளிருக்குக் கூடுதல் நாள் கொடுங்கள். கோடுகள் மங்கியிருந்தால் கடைசிப் பூச்சுக்கு முன்னால் வரைய வேண்டும். பெட்மின்டன் கோடு 40 மில்லிமீட்டர் அகலம், வெள்ளை அல்லது மஞ்சள்.

பெப்ரவரி 17

விட்டுப்போனது ஒன்று. ஜன்னல் சாவியும் அந்த வெப்பமானி அட்டவணையும் யாரிடம் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதிபரின் மேசையில் வேண்டாம். மண்டபம் கூட்டுகிறவரிடம் கொடுங்கள். திறப்பதா மூடுவதா என்பதை அவரே முடிவுசெய்யட்டும், ஆசிரியர்கள் அதை மாற்றக் கூடாது என்று எழுத்தில் வையுங்கள். வடிகானைப் பார்க்கும் வேலைக்கு மே முதல் வாரத்தையும் செப்டெம்பர் கடைசி வாரத்தையும் நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள்.